கறுப்புப் பட்டை

“கையைக் கொஞ்சம் ஒடுக்கிப் புடிடி, மங்களம்,” என்றாள் லட்சுமி அத்தை.

செத்துப்போன அம்மாவின் கையை எப்படி ஒடுக்குவது என்று மங்களத்துக்கு விளங்கவில்லை. உயிரோடு இருந்தபோதே ஒடுங்காத கை அது. கண்ணாடி வளையல் கட்டைவிரல் முட்டியைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. சவுக்காரம் தடவிப் பார்த்தாயிற்று, தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பார்த்தாயிற்று. தேக்கா சந்தை வளையல் கடையில் இருந்ததிலேயே பெரிய சுற்று இதுதான் என்று கடைக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுத்தனுப்பியிருந்தான்.

சுமங்கலியாகப் போகிறவளை மொட்டைக் கையோடு அனுப்புவதா என்பது அத்தையின் கவலை. நியாயமான கவலைதான். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள். வளையல் இரண்டாக உடைந்து பாயில் விழுந்தது.

வளையலை உடைப்பது புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு. சுற்றியிருந்த பெண்களின் பார்வை ஒரு முறை முன்னறைப் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே மங்களத்தின் அப்பா வடிவேலு, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று பாராமல், ஜன்னலுக்கு வெளியே நோரிஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“விடுங்க அத்தை,” என்றாள் மங்களம். மஞ்சள் தோய்த்த நூல் ஒன்றை எடுத்தாள். மிச்சமிருந்த வளையல்களை அதில் கோத்து, இரண்டு மணிக்கட்டிலும் கொத்தாகத் தொங்கவிட்டு முடிச்சுப் போட்டாள். கையை வயிற்றின் மேல் மடக்கி வைத்ததும் வளையல்கள் சரிந்து விரல்களை மூடிக்கொண்டன. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அதுவும் சரிதான்,” என்றாள். அத்தையின் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

மங்களத்துக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது. மூன்று வாரமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்த உடம்பு. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, ஆனால் அழுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

மங்களம் பிறந்து நடக்கத் தொடங்கிய காலத்தில்தான் அம்மா ரத்தினம்மாவுக்கு அது ஆரம்பித்தது. முதலில் மோதிரம் இறுகியது, தட்டானிடம் போய் வெட்டி எடுத்தார்கள். பிறகு வளையல். பிறகு மெட்டி. பாதம் பெரிதாகிப் பெரிதாகி, கடைசியில் வடிவேலு தன் காலுக்கு என்று பொய் சொல்லி ஆம்பிளைச் செருப்பு வாங்கி வந்து கொடுத்தார். தாடை முன்னால் வந்தது, மூக்கு தடித்தது, குரல் கட்டையானது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த பெண்ணை அறிந்தவர்கள், தெருவில் எதிரே பார்த்தால் யாரோ என்று நினைத்தார்கள். பிள்ளைகள் பயந்து ஓடின. ரத்தினம்மா கோயிலுக்கு விடிவதற்கு முன்னால் போய், ஆள் சேர்வதற்குள் திரும்பிவிடுவாள்.

பேய் பிடித்திருக்கிறது என்றார்கள், செய்வினை என்றார்கள். கடைசியில் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சியாதான் அதற்குப் பெயர் சொன்னார். தலைக்குள், மூக்குக்குப் பின்னால், பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி. உடம்பை வளரச் செய்வது அது. வளர்ந்து முடிந்தவர்களுக்கு அது அளவோடு நிற்க வேண்டும், ரத்தினம்மாவுக்கு நிற்கவில்லை, அவ்வளவுதான். எக்ஸ்ரே கதிர் வைத்தார்கள். தலைவலி குறைந்தது. ஆனால் வளர்ந்தது வளர்ந்ததுதான்.

டாக்டர் சியா இந்தச் சுரப்பி நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதனால் வருஷா வருஷம் அம்மாவை வரச்சொல்வார். டாக்டர் மலாயில் பேசுவார், அம்மாவுக்குக் கடைக்குப் போகும் அளவுக்கு மட்டும் மலாய் வரும். மங்களம் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படித்ததும் முதல் வேலையாக அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். ஒரு கண்ணாடி ஜாடியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி அம்மாவின் கையை அதில் முக்கச் சொல்வார்கள். வழிந்த தண்ணீரை அளந்து கை எவ்வளவு பருத்திருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். காகிதத்தின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவார்கள். பிறகு சுவரில் அளவு குறித்த பலகைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கைகளை விரித்து ஒன்று.

கல்யாண வீட்டில் கேமராவைக் கண்டால் அடுக்களைக்குள் ஓடிவிடுகிறவள் ரத்தினம்மா. இங்கே மட்டும் எப்படி இப்படி மரம் மாதிரி நிற்கிறாள் என்று மங்களம் ஒரு தடவை கேட்டாள்.

“தெருவுல பாக்காத மாதிரி பாக்குறாங்க. இங்க நேரா பாக்குறாங்க லா,” என்றாள் அம்மா. “நேரா பாத்தா எனக்கு ஒண்ணும் செய்யல.”

டாக்டர் அவளைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்தது. பிரித்துக் காட்டினார். படத்தில் அம்மா நின்றாள், கண்களின் மேல் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. நோயாளி யாரென்று தெரியக்கூடாது, அதற்காக அப்படிச் செய்வது வழக்கம் என்று டாக்டர் விளக்கினார். அம்மா அதை வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்தாள். தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

“என்கிட்ட மாறாம இருந்தது அது ஒண்ணுதான்டி,” என்றாள் திரும்பி வரும்போது பஸ்ஸில். “அதைப் போய் மறைச்சிருக்காரு பாரு.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மங்களமும் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள், அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

அப்புறம் சர்க்கரை வந்தது. அப்புறம் இதயம் பெரிதாகிவிட்டது என்றார்கள். இன்று விடிகாலையில் அது நின்றது.

டாக்டர் சியாவே வார்டுக்கு வந்தார். உடம்பைத் திறந்து அந்தச் சுரப்பியைப் பார்க்க அனுமதி கிடைக்குமா, இதே நோயோடு இன்னும் சிலர் வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு உதவும் என்று மெதுவாகக் கேட்டார். மங்களம் மொழிபெயர்த்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போதும்னு சொல்லு. உசிரோட இருந்தப்ப அளந்தது போதாதா?”

அதை அப்படியே மொழிபெயர்க்க அவளுக்கு நா எழவில்லை. அப்பாவுக்கு இஷ்டமில்லை என்று மட்டும் சொன்னாள். டாக்டர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது சவப்பெட்டி வந்து சேர்ந்தது. லவெண்டர் ஸ்ட்ரீட் சீனன் சாதாரண அளவில் செய்து வைத்திருந்தது எதுவும் போதாமல், தடித்த சீன முதலாளியான தவுக்கே ஒருவருக்காகச் செய்து, வாங்காமல் நின்றுபோன பெட்டியைக் கொடுத்திருந்தான். குறுகலான மாடிப்படியில் அதை ஏற்றுவதற்குள் ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அவர்களுக்குப் பின்னாலேயே ஸ்டூடியோ அழகப்பன் கேமராவும் முக்காலியுமாக வந்தார். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் இந்த ஊரில் யாரும் பிணத்தை எடுப்பதில்லை. நாகப்பட்டினத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டுமே.

“படம் வேணாம்,” என்றார் வடிவேலு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

“அண்ணே, பின்னால வருத்தப்படுவீங்க,” என்றார் அழகப்பன்.

“வேணாங்கிறேன்ல. இது அவ இல்ல, சீக்கு. சீக்கைப் படம் புடிச்சு யாராச்சும் செவத்துல மாட்டுவாங்களா?”

அவர் எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து அழகப்பன் கையில் கொடுத்தார். “இதுக்குச் சட்டம் போட்டுக் குடுங்க. தலைமாட்டுல வெக்கணும்.”

மங்களம் எட்டிப் பார்த்தாள். நாகப்பட்டினம் ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம். ஒல்லியாக, கூரான மோவாயோடு, கை நிறைய வளையலோடு ஒரு பெண். அவள் அழகாகத்தான் இருந்தாள். மங்களம் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை. தலைவாரிப் பின்னியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, பஸ்ஸில் சிரித்தது எல்லாம் வேறு முகம். அந்த முகம் அந்தியில் மண்ணுக்குள் போய்விடும். பிறகு அப்படி ஒருத்தி இருந்ததற்குக் கண் மறைத்த அந்தப் பத்திரிகைப் படத்தைத் தவிர சாட்சி கிடையாது.

செத்த முகத்தைப் படம் எடுக்க அவளுக்கும் விருப்பமில்லை. தாடையைத் துணியால் இறுகக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்து, கண்ணை மூடிவிட்டிருந்தார்கள். அதுவும் அம்மா இல்லை.

அப்பாவின் மேல் கோபப்படவும் முடியவில்லை. மங்களத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்ணுக்கும் வருமோ என்று பயம். வராது என்று டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? மூன்றாவது வரன் வந்தபோது வடிவேலு, “நீ உள்ள இருந்துக்க,” என்றார் பெண்டாட்டியிடம். ரத்தினம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வரனும் கூடிவரவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி அப்பா சாப்பிடவில்லை என்பது மங்களத்துக்குத் தெரியும்.

“எத்தனை மணிக்கு எடுக்குறாங்க அத்தை?”

“நாலுக்கு. ஏன்டி?”

“அதுக்குள்ள வந்துடுறேன்.”

“பொணத்தைப் போட்டுட்டு எங்கடி போற? சனம் என்ன பேசும்?”

சனம் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. மங்களம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். செராங்கூன் ரோட்டில் டாக்சி பிடித்து, பெரியாஸ்பத்திரி என்றாள்.

டாக்டர் சியா தன் அறையில் பாதி சாப்பிட்ட ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பழக்கமான நர்ஸ், மிஸ்ஸி பிரிஜட், அலமாரி பக்கம் நின்றாள். மங்களத்தைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு நீ இங்க வரலாமா? அம்மாவை எடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல, மிஸ்ஸி. ஒரு படம் வேணும். நீங்க எடுத்ததுல ஒண்ணு.”

காலையில் இல்லை என்று சொல்லிவிட்டு மத்தியானம் கேட்க வந்திருக்கிறோமே என்று அவளுக்குக் கூசியது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். இந்த முகத்தோடு வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை என்றாள். டாக்டர் பேனாவை மூடினார். அந்தப் படங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், வெளியே கொடுப்பதற்கில்லை என்றார். உன் அம்மா அவற்றை மருத்துவத்துக்காகக் கொடுத்தார், கண்டவர் பார்ப்பதற்காக அல்ல, நான் அவருக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவுமில்லை. அதுதான் மங்களத்துக்குத் தாங்க முடியவில்லை. அன்று முதல் தடவையாக அவளுக்குக் கண் நிறைந்தது.

டாக்டர் எழுந்து, ஒரு தடித்த உறையை எடுத்து, படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். கொடுக்க முடியாது, பார்க்கலாம் என்றார். அம்மா ஒவ்வொரு வருஷமாக மேஜை முழுக்க நின்றாள். அதே பலகை, அதே நிற்கிற விதம். தாடை மட்டும் படத்துக்குப் படம் முன்னால் வந்துகொண்டிருந்தது. எந்தப் படத்திலும் முகத்தில் ஒரு சலனமில்லை. இதில் எதைக் கொடுத்திருந்தாலும், கேட்டு வந்தது இதுவல்ல என்று மங்களத்துக்குத் தோன்றியது.

“டாக்டர்,” என்றாள் பிரிஜட். “அந்த அசைஞ்ச படம் இருக்கில்ல?”

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, அடியில் துழாவி ஒன்றை எடுத்தார். ஓரம் சுருண்டு, பின்பக்கம் வருஷம் குறித்திருந்தது. அதில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியெல்லாம் தெரிய, கண் இடுங்க, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, வாய்விட்டுச் சிரிப்பு. தலை அசைந்ததில் படத்தின் ஓரம் கொஞ்சம் கலங்கியிருந்தது.

“நான்தான் லைட்டைப் புடிச்சிருந்தேன்,” என்றாள் பிரிஜட். “ஒரேயடியா வெறச்சுக்கிட்டு நின்னாங்க. அம்மா, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்திருக்காங்க, கொஞ்சம் நல்லா நில்லுங்கன்னேன். அவ்வளவுதான், சிரிச்சுட்டாங்க. டாக்டர் என்னைத்தான் திட்டினாரு.”

அளவு எடுக்க உதவாத படம், ஆராய்ச்சியில் சேராது என்றார் டாக்டர். சேராததைக் கொடுப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை ஏன் இத்தனை வருஷம் எறியாமல் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு பழுப்பு உறையில் போட்டு நீட்டினார். காலையில் கேட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மங்களம் வாசலுக்கு வந்த பிறகு, அப்பாவிடம் தனக்கு வருத்தமில்லை என்று சொல்லும்படி மட்டும் பிரிஜட்டிடம் சொல்லியனுப்பினார்.

அவள் வீடு திரும்பியபோது கீழே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே அம்மாவைப் பெட்டியில் இறக்கியிருந்தார்கள். மூடி சுவரில் சாய்ந்திருந்தது. தலைமாட்டில் நாகப்பட்டினத்துப் பெண், புதுச் சட்டத்தில், மல்லிகைச் சரத்தோடு.

“வந்துட்டியா மகராசி,” என்றாள் அத்தை. “வாய்க்கரிசி போட ஒன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்.”

மங்களம் அரிசி போட்டாள். தாடைக்கட்டுத் துணிக்கு மேலே, உதட்டில், அரிசி நிற்காமல் சரிந்தது. பிறகு அப்பாவிடம் போனாள். அவர் அதே ஜன்னலோரத்தில் இருந்தார். உறையை அவர் மடியில் வைத்தாள்.

“அப்பா, சீக்கு இல்ல அது. எனக்கு அம்மான்னா இந்த மூஞ்சிதான்பா. வேற எனக்குத் தெரியாது.”

வடிவேலு படத்தை வெளியே எடுத்தார். எடுத்தவுடன் தலையைத் திருப்பிக்கொண்டார். மறுபடி திரும்பினார். பிறகு தன் வலது உள்ளங்கையைப் படத்தின் மேல் வைத்து, மூக்கு, வாய், தாடை எல்லாவற்றையும் மூடினார். கண்கள் மட்டும் மிஞ்சின. சிரிப்பில் இடுங்கின இரண்டு கண்கள். தலைமாட்டுப் படத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். கீழே குனிந்தார்.

பெட்டி தூக்க வந்தவர்கள் வாசலில் காத்து நின்றார்கள்.

அவருடைய கை மெல்லக் கீழே நகர்ந்தது. மூக்கு தெரிந்தது. சிரிக்கிற வாய் தெரிந்தது. கடைசியில் தாடையும் தெரிந்தது.

“இது எப்ப எடுத்தது?”

“எனக்குப் பன்னெண்டு வயசிருக்கும்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே அவ.”

அவர் எழுந்து போய், சட்டம் போட்ட படத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அதன் பக்கத்தில் இதைச் சாய்த்து வைத்தார். மல்லிகைச் சரத்தை இழுத்து இரண்டுக்கும் எட்டுமா என்று பார்த்தார். எட்டவில்லை. கழற்றி, இதன் மேல் போட்டார்.

“மூடுங்கப்பா,” என்றார் காத்திருந்தவர்களிடம்.

மூடியை வைத்து ஆணி அடித்தார்கள். பெண்கள் ஓவென்று குரலெடுத்தார்கள். பெட்டியைத் தோளில் ஏற்றி, படியில் சாய்த்து, ஒருவரை ஒருவர் ஏவிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. மங்களம் படியின் மேல் முனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்குப் பின்னால் அப்பா ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

திருப்பத்தில் முன்னால் போனவர்கள் தடுமாற, பெட்டி ஒரு பக்கமாகச் சரிந்து நிமிர்ந்தது. உள்ளே கண்ணாடி வளையல்கள் குலுங்கின.

அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. வடிவேலு படியில் நின்றார். தலையைத் தூக்கினார், யாரோ அடுக்களையிலிருந்து வருகிறார்கள் என்பதுபோல. பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார்.